விபூதி டியூட்டி

நூர்தீன், உன்னை ஒன்று கேட்கிறேன்: பயிற்சி முடிந்த அணிவகுப்பில் வேதத்தின் மேல் கைவைத்து நீ சத்தியம் செய்தாயே, அன்று சத்தியம் செய்தது நீ மட்டுந்தானா, உன் நுரையீரலும் சேர்ந்தா? நீ இங்கே இல்லை. பரமக்குடிக்குப் பக்கத்தில், உன் வீட்டுக் கட்டிலில், தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாய். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் மல்லாந்து கிடக்கிறேன். மூக்குக்கும் மேலே வளைந்திருக்கும் வெள்ளைச் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு, காதில் ஹெட்போன், கையில் ஒரு ரப்பர் பந்து. இயந்திரத்தை இயக்கும் ரோஸ்லின் என்கிற பெண் என்னை உள்ளே தள்ளும்போது சொன்னாள்: "பயமா இருந்தா பந்தை அமுக்குங்க ஐயா. ஆனா சும்மா சும்மா அமுக்காதீங்க, காலைல வந்தவரு அமுக்கி அமுக்கி எனக்கே படபடன்னு ஆயிடுச்சு. அப்புறம், இது கழுத்து ஸ்கேன். ஓடுறப்ப எச்சில்கூட முழுங்கக் கூடாது." "முழுங்காம என்னம்மா பண்றது?" என்றேன். "சத்தம் நிக்கும்ல, அப்ப முழுங்கிக்கலாம். பாட்டுப் போடட்டுமா?" வேண்டாம் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் வாழ்க்கை எனக்கு வாய்க்கவில்லை. என் கழுத்தெலும்புகள் தேய்ந்ததே ஹெட்போனைச் சுமந்து, மேசையில் குனிந்து, பிறர் வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான். இதோ சத்தம் தொடங்கிவிட்டது. யாரோ இரும்புக் கதவை உடைக்காமல், ஆனால் விடாமல், தட்டிக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். நாக்கடியில் எச்சில் ஊறுகிறது. விழுங்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் இவ்வளவு ஊறுகிறது. சொல்லக் கூடாது என்று சொன்ன பிறகு சொல் ஊறுவதும் இப்படித்தான், நூர்தீன். உனக்கும் ஊறாமலா இருக்கும்.

வெளியே வரதன் உட்கார்ந்திருக்கிறான். அவனை உனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்து உளவுத் தொழில் கற்றவன். இன்று அந்த அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருக்கிறான். நான் இன்று இந்த மருத்துவமனைக்கு வருவது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் நான் வருவதற்கு முன்பே அவன் வந்து, எனக்காக ஒரு நாற்காலியும் பிடித்து வைத்திருந்தான். "வாங்க சார், கழுத்து எப்படி இருக்கு? எல்லாம் எங்களுக்காக உழைச்ச கழுத்து." சிரித்தான். உலோகம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ரோஸ்லின் சொன்னதும் கையை நீட்டினான். "கொடுங்க சார், நான் வச்சுக்கறேன்." மோதிரம், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செல்போன் எல்லாம் இப்போது அவன் மடியில் இருக்கின்றன. எவ்வளவு எளிதாகக் கொடுத்தேன்! ஒருவனைச் சோதனையிட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்ய எத்தனை விதிகள் படித்திருப்பேன். இந்த ஒரு முறையை எவரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் எழுந்து உடைமாற்றும் அறைக்குப் போகும்போது, உங்கள் பிரிவைப் பற்றி நான் எழுதிய புத்தகத்துக்கு வந்தான், குரலைத் தாழ்த்தி. "புஸ்தகத்தை நிறுத்துங்கன்னு யாரும் சொல்லலை சார். ஒரே ஒரு வார்த்தை. அட்டையில, தலைப்புக்குக் கீழ, 'நாவல்'னு போட்டுடுங்க. அவ்வளவுதான். நானே வாங்கிப் படிப்பேன். யார் கண்டா, விருதுகூடக் குடுப்பாங்க." "போடலைன்னா?" "சார், நீங்க ரிட்டயர் ஆறப்ப ரகசியக் காப்புப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதை நான் ஞாபகப்படுத்தணுமா? சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகுதாமே. ஸ்கேன் முடிச்சிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். கீழே வண்டி நிக்குது, எப்படியும் உங்களை நானே கொண்டுபோய் விட்டுடறேன்." எங்கே கொண்டுபோய் விடுவான் என்று அவன் சொல்லவில்லை. அது என் பதிலைப் பொறுத்தது.

சத்தம் நின்றது. விழுங்கினேன். எத்தனை இன்பம் ஒரு மிடறு எச்சிலில்! உன்னால் ஒரு மிடறு கஞ்சியை இருமாமல் விழுங்க முடியவில்லை என்பதை, உன்னைப் பார்க்க நான் வந்தபோது உன் மகள் கதவோரம் நின்று சொன்னாள். மீண்டும் சத்தம், இம்முறை வேறு தாளம். தாளத்துக்கு அடியில் உன் குரல் கேட்கிறது. இப்போதைய இளைத்த குரல் அன்று. ஒலிநாடாவில் நான் முதன்முதலாகக் கேட்ட இருபது வயதுக் குரல். வடமேற்குப் பாலையில் நீ பணியிலிருந்த அந்த ராணுவ வெடிமருந்துக் கிடங்கிலிருந்து சிப்பாய்கள் வீட்டுக்குப் பேசுகிற அழைப்புகளையெல்லாம் எங்கள் அலுவலகம் பதிவு செய்துவந்தது. தமிழ்ப் பையன்கள் அதிகம் இருந்த பிரிவு. தமிழ் கேட்க எனக்கு முன்னால் இருந்தவர் தமிழர் அல்லர். பயிற்சி வகுப்பில் அகராதியை வைத்துத் தமிழ் படித்தவர். உழைப்பாளி, நாணயமானவர், பிழை செய்யக் கூடாது என்று அஞ்சியே பிழை செய்தவர். அழைப்புக்கு அழைப்பு அந்தப் பையன்கள் தங்கள் வீட்டில் சொன்னார்கள்: "இன்னிக்கும் விபூதிதான்." "வாரம் பூரா விபூதி டியூட்டி." "மாடசாமி அண்ணன் ரொம்பப் பூசிக்கிட்டாரு, ஆஸ்பத்திரில இருக்காரு." அவர் அகராதியைப் புரட்டினார். விபூதி: திருநீறு, சைவர் நெற்றியில் அணிவது. தென்னிந்தியச் சிப்பாய்களிடையே மதப்பற்று மிகுந்துவருகிறது, கவனிக்க, என்று மேலிடத்துக்கு எழுதினார். பெண்டாட்டி ஒருத்தி ஒரு நாடாவில் கேட்கிறாள், "எந்தக் கோயில் விபூதிங்க?" அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "குழிக்கோயில்." அதையும் அவர் கோயில் பெயர் என்று எழுதிக்கொண்டார்.

பிறகுதான் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பழைய நாடாக்களில் அவர் 'விளங்கவில்லை' என்று ஒதுக்கியவற்றைக் கேட்பது என் முதல் வேலை. அவருக்கு விளங்காமற்போனவற்றில் ஒன்று நீ உன் தாயிடம் பேசியது. அகராதியில் 'உம்மா' என்ற சொல்லுக்கு அவர் கண்ட பொருள் முத்தம். ஒரு சிப்பாய் யாருக்கோ முத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான் என்று எண்ணி வெட்கப்பட்டு நிறுத்தியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. "உம்மா, நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். இன்னிக்கும் விபூதி டியூட்டிதான் உம்மா." "யா அல்லாஹ்! என்னடா உளறுறே? பட்டையும் போட்டுக்கிட்டியா?" அவள் சிரிக்கிறாள். நீயும் சிரிக்கிறாய். "அது சாமி விபூதி உம்மா. இது சர்க்கார் விபூதி. குழில போட்டு எரிக்கிறாங்கள்ல, அந்தச் சாம்பலு. பழைய குண்டு, மருந்து, என்னென்னமோ பொடி. நாங்கதான் அள்ளுறோம். தும்மினா வெள்ளையா வருது." பிறகு இருமல். நாடாவைத் திரும்பச் சுற்றி அந்த இருமலை மறுபடியும் கேட்டேன். ஒரு முஸ்லிம் பிள்ளை தினமும் விபூதி பூசுகிறான் என்றால் அது விபூதி இல்லை. இவ்வளவுதான் என் வாழ்நாள் கண்டுபிடிப்பு. இதற்கு உளவாளி வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தெருவில் ஒரு மாதம் குடியிருந்தவன் போதும்.

ஆனால் அதற்குள் மேலிடம் நடவடிக்கை எடுத்துவிட்டிருந்தது. பற்று மிகுந்த பையன்களுக்கு வழிபாட்டுக்கு வசதி செய்துகொடுக்க வேண்டாமா? கிடங்குக்கு ஒரு பூசாரியை அனுப்பினார்கள். முகமூடி இல்லாமல் சாம்பல் அள்ளியவர்களுக்கு முகமூடி போகவில்லை, மருத்துவர் போகவில்லை. பூசாரி போனார், நல்ல மனிதர், அவரும் அங்கே குழியின் காற்றுவாக்கில் நின்று மணி ஆட்டினார், ஆண்டு திரும்புவதற்குள் அவரும் இருமத் தொடங்கினார். இதை நினைத்துச் சிரிப்பதா, நூர்தீன்? எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது, தொண்டை குலுங்குகிறது, படம் கலைந்துவிடும். "ஐயா, அசையுறீங்க," என்கிறாள் ரோஸ்லின் காதுக்குள். "அழறீங்களா ஐயா? வெளிய எடுத்துடட்டுமா?" இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறந்தால் அதுவும் அசைவு. பேசாமல் கிடக்கிறேன். பேசாதிருந்தால் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள், எல்லாரும், எங்கும். அன்று நான் உன் நாடாவை எடுத்துக்கொண்டு என் மேலதிகாரியிடம் ஓடினேன். ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது: மதம் என்று போயிருக்கிறது, மதம் என்றே இருக்கட்டும், பக்திக்கு நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நோய்க்குச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மருத்துவக் குறிப்புகள் மறைந்தன, குழிகள் மூடப்பட்டன, அங்கே எதுவும் எரிக்கப்படவே இல்லை என்று இன்றுவரை அரசு சொல்கிறது. சிப்பாய்களின் நோய் பணியால் வந்ததன்று, பீடியால் வந்தது, பரம்பரையால் வந்தது, ஊர்த் தண்ணீரால் வந்தது. ஒரே பிரிவில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே பரம்பரையா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற பிறகு எழுதினேன். எழுதத் தெரிந்து எழுதவில்லை. கேட்டது காதை விட்டு இறங்கவில்லை, அதனால் எழுதினேன்.

நோய் பணியால் வந்ததுதான் என்று உன் தோழர்கள் தொடுத்த வழக்கு நாளைக் காலை இங்கே, சென்னைத் தீர்ப்பாயத்தில். உன் பிரிவில் எஞ்சியவர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஒருவனைத் தோளில் தாங்கித்தான் கொண்டுவர வேண்டும். அட்டை போட்டு இன்றிரவே வரும் என் புத்தகத்தைச் சாட்சியமாக வைத்து என்னையும் கூண்டில் ஏற்றுவதாக ஏற்பாடு. அட்டையில் 'நாவல்' என்றொரு சொல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்கவும் வேண்டியதில்லை. புத்தகத்தை உயர்த்திக் காட்டி, கற்பனை வளம் மிக்க நூல் என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பொய் என்று சொன்னால் சண்டையிடலாம். அழகாக இருக்கிறது என்று சொல்பவனிடம் எப்படிச் சண்டையிடுவது? ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்தக் குழாய்க்குள் கிடக்கும்போது அந்தச் சொல் எனக்கு இனிக்கிறது. நாவல். எவ்வளவு மெத்தென்ற சொல். அதைச் சொல்லிவிட்டால் மோதிரம் திரும்ப வரும், கண்ணாடி திரும்ப வரும், வீட்டுக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு தூங்கலாம். என்னைப் போன்ற வயதுள்ளவனுக்குச் சிறையில் தலையணை தருவார்களா? கழுத்துக்கு உயரமில்லாத தலையணை வேண்டும் என்று யாரிடம் கேட்பது? பார், எங்கே போகிறது மனம், தலையணைக்குப் போகிறது. சுவர் இன்னும் கிட்டே வந்துவிட்டது போலிருக்கிறது. வரவில்லை, என் மூச்சுத்தான் பட்டுத் திரும்பி வருகிறது.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேனே. உன் மகள் காப்பி கொடுத்தாள். நீ என் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைத் தொடக்கூட இல்லை. "சத்தியம் பண்ணியிருக்கேன் சார். குர்ஆன் மேல கை வச்சு. பட்டாளத்துல பார்த்ததை வெளிய சொல்ல மாட்டேன்னு." நான் என்ன சொன்னேன்? வழக்கம்போல் ஒரு கதை சொன்னேன். நீதி சொல்ல வந்தவனுக்கு வேறென்ன தெரியும். ஒரு கோட்டை. அதன் காவலன் இரவில் வாசலைத் திறப்பதில்லை என்று மன்னனிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஓர் இரவு கோட்டைக்குள்ளேயே தீப்பிடித்தது. மக்கள் வாசலுக்கு ஓடிவந்து திற திற என்று கதறினார்கள். காவலன் வாக்குத் தவறாதவன், திறக்கவில்லை. விடிந்தபோது வாக்கு மட்டும் வேகாமல் நின்றது. வாசல் பூட்டப்பட்டது வெளியே இருக்கும் பகைவனுக்காக, உள்ளே இருப்பவனை எரிப்பதற்காக அன்று, என்றேன். நீ நெடுநேரம் இருமினாய். பிறகு கேட்டாய்: "அந்தக் காவக்காரன் எந்தச் சாதி சார்? என்ன மதம்?" எனக்குப் புரியவில்லை. "மத்தவன் திறந்தா, பாவம் உசுரைக் காப்பாத்தினான்பாங்க. நான் திறந்தா, எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டான்பாங்க. எனக்கு வைக்கிற பேரே வேற சார். நான் போயிடுவேன். என் பொண்ணு இந்தத் தெருவுல இருக்கணும்." அந்த இடத்தில் என் கதை நின்றுவிட்டது. காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் காவலனுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன்; வேறு வேறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கதை வேறாகப் போயிற்று. இப்போதும் போகிறது. உனக்கு நான் சொல்லக்கூடிய பதில் அந்தக் கதையில் இல்லை. ஆகவே கதை வேண்டாம்.

கதை இல்லாமல் சொல்கிறேன். சத்தம் இப்போது நீளமாக, ஒரே சுருதியில் அலறுகிறது; இதுதான் கடைசி என்று அவள் சொன்ன நினைவு. நாளை உன் தோழர்கள் ஒவ்வொருவராக ஏறி, விபூதி என்று நாங்கள் சொன்னது குழிச் சாம்பலை என்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவர்கள் நெற்றியைப் பார்ப்பார். இன்றும் பூசியிருக்கிறீர்களே என்பார். சபை சிரிக்கும். பக்திமான்கள், நோய் வந்த துயரத்தில் எதையோ கற்பித்துக்கொள்கிறார்கள் என்று முடிப்பார். அவர்கள் ஆயிரம் முறை சொன்னாலும் அந்தச் சொல் அவர்கள் வாயில் திருநீறுதான். உன் வாயில் மட்டும் அது திருநீறாக முடியாது. எந்தப் பெயருக்காக நீ அஞ்சுகிறாயோ, அந்த நூர்தீன் என்கிற பெயர்தான் அவர்கள் சொல்லை மெய்ப்பிக்கும் ஒரே சாட்சி. இதை உன்மேல் சுமத்த எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், எனக்கு உரிமை இல்லை. கேட்கும் கடமை மட்டும் இருக்கிறது. அதையாவது சரியாகச் செய்ய வேண்டுமானால், முதலில் என் பங்கை நான் கொடுத்துவிட்டுத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். நாவல் இல்லை. இதோ சொல்லிவிட்டேன், வாய்க்குள், எச்சிலோடு. படம் கலைந்திருக்கும்.

சத்தம் நின்றது. படுக்கை வழுக்கி வெளியே வந்தது. ரோஸ்லின் கூட்டைக் கழற்றி, முதுகுக்குக் கை கொடுத்து உட்காரவைத்தாள். "கடைசிப் படத்துல ஏதோ பேசிட்டீங்கபோல ஐயா. பரவால்ல, டாக்டர் திட்டினா நான் வாங்கிக்கறேன்." கண்ணாடி இல்லாத உலகம் கலங்கித் தெரிந்தது. கதவுக்கு அப்பால் ஒரு நிழல் நாற்காலியிலிருந்து எழுந்தது. "உன் போனைக் கொஞ்சம் தர்றியாம்மா? ஒரே ஒரு கால்." "வெளிய உங்க சொந்தக்காரர்கிட்ட உங்க போன் இருக்குதே ஐயா." "அவர் சொந்தக்காரர் இல்லை." "வாங்க ஐயா," என்றாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தன் அறைக்கு என்னை நடத்திச் சென்று, கதவைச் சாத்தி, போனைக் கையில் வைத்தாள். உன் எண் எனக்கு மனப்பாடம். எண்களை எழுதிவைக்காமல் நினைவில் வைப்பது என் தொழில். மணி அடிக்கிறது. வரதன் கதவைத் தட்டுகிறான். "சார், முடிஞ்சுதா? என்ன முடிவு பண்ணீங்க?" "நாவல் இல்லை வரதன்," என்றேன் கதவைப் பார்த்து. தட்டுவது நின்றது. பிறகு அவன் யாரிடமோ, வண்டியைப் பின்பக்கம் கொண்டுவரச் சொல்வது கேட்டது. மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்கள். முதலில் மூச்சுத்தான் வந்தது. நீயேதான்.

"நூர்தீன், தணிகாசலம் பேசறேன். குறுக்க பேசாதே, எனக்கு நேரம் இல்லை. அட்டையில அவங்க கேட்ட வார்த்தையை நான் போடலை. அதனால நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வர மாட்டேன், வர விட மாட்டாங்க. என் புஸ்தகம் வரும், ஆனா புஸ்தகம் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லாது. நீ பயப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். துரோகிங்கிற அந்தப் பேரை அவங்க வைப்பாங்க. வைக்கத்தான் செய்வாங்க. ஆனா நான் சொன்னா, கேட்டவன் சொன்னது. நீ சொன்னா, பூசினவன் சொன்னது. சர்க்கார் விபூதின்னு உங்க உம்மாகிட்ட சொன்னியே, அதே மூணு நிமிஷப் பேச்சுதான், அதை ஜட்ஜ் முன்னாடி சொல்லு. ஒரு தடவை போதும். மூச்சு வாங்கினா நிறுத்தி நிறுத்திச் சொல்லு, காத்திருப்பாங்க, காத்திருந்துதான் ஆகணும். பொண்ணைக் கூட்டிக்கோ. சிலிண்டரை எடுத்துக்கோ. சாயங்கால ரயில் பரமக்குடில நிக்கும், ஸ்டேஷன்ல உன் பிரிவு ஆளுங்க ரெண்டு பேரு நிப்பாங்க, சொல்லி வச்சிருக்கேன். யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லாதே. நாளைக்குன்னு ஒண்ணு இந்த வழக்குக்கு இல்லை. சட்டையைப் போடு. இப்பவே எந்திரி, நூர்தீன். இன்னிக்கே வண்டி ஏறு."